இரவு நிற்கும் மூச்சும் பகல் உறக்கமும்



குறட்டையைக் கேட்டு நாம் நகைக்கிறோம். சிலருக்கோ உறக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. பத்து நொடியோ அதற்கு மேலுமோ மூச்சு நின்று, மூளை திடுக்கிட்டு விழிக்கிறது. ஓரிரவில் இது பன்முறை நிகழ்வதுண்டு. எட்டு மணி நேரம் படுத்தும் உறங்காதவர் அவர். பகலில் கோப்பின்மீது கண்ணயர்ந்தால், சோம்பேறி என்று பட்டம் சூட்டிவிடுகிறோம்!

இருப்புப்பாதையை நம்பி வாழும் நாம் ஒன்றைக் கருதுதல் வேண்டும். 2013 டிசம்பர் 1ஆம் நாள் நியூயார்க் நகரில், மணிக்கு 30 மைலே தகும் வளைவில் 82 மைல் வேகத்தில் பாய்ந்த வண்டி தடம்புரண்டு நால்வர் மாண்டனர். ஓட்டுநர் கண்ணயர்ந்திருந்தார். அவருக்கு இந்நோய் இருந்தமை விபத்துக்குப் பின்னரே தெரிந்தது.

மருத்துவம் யாது? ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்ட முறையே இன்றும் முதன்மையானது. மூக்கில் பொருத்தும் முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தி, மூச்சுவழி மூடாமல் காப்பதே அது. மொடாபினில் போன்ற விழிப்பு மாத்திரைகளும் உள. ஆனால் அவை தொண்டையைத் திறப்பதில்லை. (நம் காப்பியும் அவ்வாறே!) முகமூடியை நாள்தோறும் அணிந்தும் எஞ்சும் உறக்கத்திற்கே, மருத்துவர் சொற்படி, அவை உரியன. உடற்பருமன் குறைதல் நலம். இரவில் மது ஆகாது.

வேலைக்கு ஊறு நேருமென அஞ்சி மறைப்போர் நம்மிடையே உளர். அவ்வச்சத்தை நாம் இகழவில்லை. ஆயினும் நம் நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் உறக்க நோய்களுக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. மூச்சு நிற்பதை உறங்குபவர் அறியார். அருகில் விழித்திருப்பவரே அறிவார். ஆதலின், தாய்மார்களே, மருத்துவரிடம் நீங்களும் உடன் செல்லுங்கள்.