வலியைச் சொல்ல இயலாத நம் பெரியவர்கள்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

முதியோர் இல்லங்களில் மறதி நோயும் புற்றுநோயும் ஒருசேர வந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் பார்க்க ஆளில்லை. இல்லத்தில் சேர்த்தவர்களைக் குறை சொல்ல நாம் இங்கே கூடவில்லை. சேர்த்த பிறகும் நம் கடமை முடியவில்லை என்பதை நினைவூட்டவே பேசுகிறோம்.

முதுமையில் பெற்றோரிடம் சலிப்பாக ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்று பனீ இஸ்ராயீல் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அறிந்திருந்ததை எல்லாம் மறந்துபோகும் தள்ளாத வயதைப் பற்றி அந்நஹ்ல் அத்தியாயம் பேசுகிறது. ஆக, மறதி அவர்கள் செய்த குற்றமல்ல.

இந்த இரண்டு நோயும் சேரும்போது வரும் பெரிய சோதனை, வலி இருந்தும் அதைச் சொல்லத் தெரியாமல் போவதுதான். "உம்மா, வலிக்குதா?" என்றால் "இல்லை" என்பார்கள். ஆனால் குளிப்பாட்டும்போது கையைத் தட்டிவிடுவார்கள், சாப்பாட்டைத் துப்புவார்கள், இரவெல்லாம் முனகுவார்கள். நாம் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறோம். அதற்குத் தூக்க மாத்திரை கேட்கிறோம். வலி அப்படியே உள்ளே கிடக்கிறது.

மருத்துவர்கள் இதற்கென 5 அடையாளங்களைப் பார்க்கிறார்கள்: மூச்சு விடும் விதம், முனகல், முகச்சுளிப்பு, உடம்பின் இறுக்கம், ஆறுதல் சொன்னால் அடங்குகிறார்களா என்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். இதை நாமும் கவனிக்கலாம். திடீரென்று குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, கிருமித்தொற்று ஆகியவையும் காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

மார்பின் போதைப் பொருளாயிற்றே, ஹராம் இல்லையா என்று பல குடும்பத்தார் நம்மிடம் கேட்கிறார்கள். கடும் வலியைத் தணிக்க, மருத்துவர் சொன்ன அளவில் கொடுப்பதை உலமாக்கள் அனுமதித்திருக்கிறார்கள். 2014-இல் செய்த சட்டத்திருத்தத்துக்குப் பின், அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் இதை வாங்கி வைப்பதும் எளிதாகியிருக்கிறது. இந்த மருந்து மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

கீமோ கொடுப்பதா வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. ஊசி எதற்கு என்றே புரியாதவருக்கு ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரி பயணம் பெரும் பயம். இதனால் உம்மாவுக்கு என்ன நிம்மதி கிடைக்கும், என்ன கஷ்டம் வரும் என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து மஷூரா செய்யுங்கள். சிகிச்சையை நிறுத்துவது கைவிடுவதாகாது. வலி தணிக்கும் சிகிச்சை கடைசி மூச்சு வரை உண்டு. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் அந்தச் சேவை இருக்கிறது.

தொழுகை விட்டுப்போகிறதே என்று சிலர் கலங்குகிறார்கள். புத்தி பேதலித்தவர் மீது கடமை இல்லை. இடையிடையே தெளிவு வருபவரின் சட்டத்தை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இல்லத்தாருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: வீட்டில் எப்படிக் கூப்பிடுவீர்கள், எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவார்கள், என்ன கஞ்சி பிடிக்கும், வலித்தால் முகம் எப்படி மாறும். பெண்களைக் கழுவி உடை மாற்றப் பெண் பணியாளரையே கேளுங்கள். முக்காடு நழுவினால் பதறும் உம்மா, பெயர் மறந்தாலும் வெட்கத்தை மறப்பதில்லை.

"நம்மையே தெரியவில்லை, போய் என்ன பயன்?" என்கிறார்கள். அவர்களுக்கு நம்மைத் தெரியாவிட்டாலும் நமக்கு அவர்களைத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து யாஸீன் ஓதுங்கள். வாய் பேசாதவர்களும் சில நேரம் உதடு அசைப்பார்கள்.

ஜும்ஆவுக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். மாதம் ஒரு மணி நேரம் தரக்கூடியவர்கள், ஆண்களும் பெண்களும், பெயர் கொடுங்கள். பிள்ளைகள் தூரத்தில் இருக்கும் பெரியவர்களை முதலில் பார்ப்போம்.

அல்லாஹ் நம் பெரியவர்களின் வலியை இலேசாக்குவானாக. அவர்களுக்குப் பணிவிடை செய்யும் பொறுமையை நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.