வெள்ளிக் காசும் நம் கையெழுத்தும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இஞ்சினியருக்குப் பழைய காசோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். நம்ம போடியிலேயே வெள்ளி முத்திரைக் காசுப் புதையல் கிடைத்திருக்கிறது. மீன் சின்னம் பொறித்த, பாண்டியருடையதாகக் கருதப்படும் அக்காசுகளைக் கணித அறிஞர் டி.டி.கோசாம்பி ஆராய்ந்தார்.

பின்னாளில் மிளகு வாங்க வந்தவர்கள் ரோமானிய வெள்ளிக் காசான தெனாரியஸைக் கொண்டுவந்தார்கள். 1842-இல் கோவை அருகே வெள்ளலூரில் ஒரே புதையலில் 522 காசுகள் கிடைத்தன. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. அகஸ்டஸ் காசில் ஒரு பக்கம் அவர் தலை. மறுபக்கம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு இளவரசர்கள், பேரன்கள் காயஸும் லூசியஸும். லூசியஸ் கி.பி. 2-இலும் காயஸ் கி.பி. 4-இலும் இறந்துபோனார்கள். திபேரியஸ் காசில் செங்கோல் ஏந்தி அமர்ந்த ஒரு பெண். அவர் தாய் லிவியா என்பார்கள்.

இந்தக் கதையெல்லாம் நம்மூர் வியாபாரிக்குத் தெரிந்திருக்குமா? அவருக்கு வேண்டியது நல்ல வெள்ளி. கி.பி. 64-இல் நீரோ ஒரு ராத்தல் வெள்ளியில் 84-க்குப் பதில் 96 காசு அடித்தார். வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். அதற்குப் பிந்திய வெள்ளிக் காசுகள் தென்னாட்டில் அரிதாகவே கிடைக்கின்றன. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் முகம் எவ்வளவு பெரியதானாலும் எடை குறைந்தால் செல்லாது என்பது ஏலக்காய் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காய் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் லிட்டர் வெயிட் பார்க்காமல் ஏலத்தில் விலை கேட்பாங்களா?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் கான்கிரீட் சோதனை அறிக்கை ஒன்றில் கையெழுத்துப் போட்டேன். எண்களெல்லாம் சரி. ஆனால் அந்தக் கட்டைகளை யாரும் இயந்திரத்தில் வைக்கவே இல்லை. அது எனக்குத் தெரியும். அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அறிக்கையைத் திரும்ப வாங்கி, உண்மையாகச் சோதித்தோம். இரண்டு கட்டைகள் தேறவில்லை. திட்டு வாங்கினேன், அந்தத் தூணை இடித்துக் கட்டினோம்.

நம் கையெழுத்தும் காசின் மேலுள்ள முகம் மாதிரிதான். உள்ளே வெள்ளி இருக்கிறவரைதான் அதற்கு மதிப்பு. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது இந்தக் கல்லூரி லேப். ரீடிங்கை மாற்றி எழுதினால் நோட்டையே திருப்பித் தருவார்களே, அந்தக் கண்டிப்புதான்! அதற்கு இன்று நன்றி சொல்லிக்கொள்கிறேன்.