கடலுழைப்பும் காப்புறுதியும்

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்திலே, குளிகாரர் படகேறுமுன் ஒருவரை நாடினர். அவர் மருத்துவர் அல்லர், கடல்கட்டி எனப்பட்டவர். சுறாவின் வாயை அவர் மந்திரத்தாற் கட்டிவிடுவார் என்பது குளிகாரரின் நம்பிக்கை. அவரின்றிக் குளிகாரர் நீரில் இறங்கத் தயங்கியமையால், பிரித்தானிய அரசாங்கமே அவருக்கு ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. இதனை மூடநம்பிக்கை என்று நகைத்துவிடுதல் எளிது. ஆயினும், ஆபத்தான தொழிலுக்குச் செல்பவன் தனக்கொரு காப்பு வேண்டுமெனக் கேட்டான். அவனுடைய உழைப்பினாற் பொருளீட்டியவர்கள் அக்காப்பின் செலவை ஏற்றனர். இவ்வளவும் அந்த மந்திரத்தினுள் அடங்கியிருந்தது.

இன்று சிலாவத்துறைக் கரையில் முத்துக்குளிப்பு இல்லை. நண்டு வலை விடுவோரும், மீன் பிடிப்போரும், சங்கும் கடலட்டையும் எடுக்க மூழ்குவோரும் உளர். இவர்களுட் பெரும்பாலோர் தம் தொழிலுக்குத் தாமே முதலாளிகள். கேட்பதற்கு இனிய சொல்தான்! நோயுற்ற நாளில் அதன் பொருள் வேறாகிவிடுகிறது. சம்பளத்துடன் விடுமுறை தருவார் இல்லை. சேமலாப நிதிக்குப் பங்கு செலுத்துவார் இல்லை. படகு கரையில் நின்றால் அன்றைய வருமானமும் கரையில் நின்றுவிடும்.

இலங்கையில் அரசினர் வைத்தியசாலைகளிற் கட்டணம் இல்லையே, ஏழைக்குக் காப்புறுதி எதற்கு எனச் சிலர் வினவுவர். இவ்வினாவிற் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி பெருமைக்குரியது. 1931 இல் இந்நாட்டு மக்களுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது. வாக்கைக் கேட்டு வந்தவர்களிடம் மக்கள் மருந்தைக் கேட்டனர். வைத்தியசாலைகள் நாட்டுப்புறங்களிலும் பரவின. 1951 இல் கட்டணங்கள் நீக்கப்பட்டன. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை வந்து, 1977 இல் அதுவும் ஒழிந்தது. எந்த மலேரியா அன்று ஊர்களை வெறுமையாக்கியதோ, அது இந்நாட்டில் இல்லையென 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. செல்வம் மிகுந்த நாடுகள் சிலவும் செய்யாத காரியம் இது.

மற்றைப் பாதி யாது? நீரிழிவு உள்ள நண்டுத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சிலாவத்துறையிலும் அரசினர் வைத்தியசாலை உண்டு; சாதாரண நோய்க்கு அது போதும். கண்ணையோ சிறுநீரகத்தையோ நிபுணர் பார்த்தல் வேண்டுமாயின் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும், அதற்கும் மேலாயின் யாழ்ப்பாணம், அநுராதபுரம், கொழும்பு ஆகிய இடங்களுக்கும் போதல் வேண்டும். வைத்தியருக்குப் பணம் இல்லை, பேருந்துக்கு உண்டு. துணைக்கு வருபவருக்கும் உண்டு. வைத்தியசாலையில் ஒரு மருந்து கையிருப்பில் இல்லையெனில் சிட்டையை எழுதித் தருவர். அதனை வெளியில் வாங்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணி இன்றி மருந்து இறக்குமதி தடைப்பட்டபோது, இத்தகைய சிட்டைகள் எத்துணைக் குடும்பங்களை அடகுக் கடைக்கு அனுப்பின என்பது நேயர்கள் அறிந்ததே. இவற்றிற்கெல்லாம் மேலாக, போன நாளின் உழைப்பும் போய்விடுகிறது. ஆகவே அந்தத் தொழிலாளி, கால் மரத்துப்போனாலும், நண்டு அகப்படும் காலம் முடியட்டும் என்று பொறுத்திருக்கிறார். அந்தப் பொறுமைதான் பின்னர்க் காலையே கொண்டுபோகிறது.

அரசாங்க உத்தியோகத்தருக்கு அக்ரஹார என்னும் மருத்துவக் காப்புறுதி உண்டு. கடலோடிக்கு என்ன உண்டு? சட்டத்தில் ஒன்றுமில்லை எனச் சொல்லல் ஆகாது. 1990 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டம் கடற்றொழிலாளருக்கு ஓய்வூதியமும் சமூகப் பாதுகாப்பு நன்மைகளும் வழங்கும் திட்டத்தை உண்டாக்கியது. 1996 இல் அமைந்த சமூகப் பாதுகாப்புச் சபையும் சுயதொழில் செய்வோருக்கு ஓய்வூதியம் தர ஏற்பட்டதே. 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்திலும் சுயதொழில் செய்வோர் தாமாக விரும்பிச் சேர இடமுண்டு. ஆனால் இவையெல்லாம் முதன்மையாக முதுமையையும் இறப்பையும் கருதியவை. நோயுற்ற மாதத்தின் அரிசியைக் கருதியவை அல்ல.

தவணை தவறாது செலுத்துவோருக்கே இவை பயன்படும் என்பதும் நினைக்கத்தக்கது. கடற்றொழிலாளர் ஓய்வூதியச் சட்டம் பிறந்த அதே 1990 இன் ஐப்பசியில், விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். முசலிப் பகுதி மக்கள் புத்தளம் முதலிய இடங்களில் அகதிகளாய் வாழ்ந்தனர். போர் 2009 இல் முடிந்த பின்னரே பலர் மீண்டனர். தமிழ்க் குடும்பங்களும் போரில் இடம்பெயர்ந்து அலைந்தன. வலையும் வள்ளமும் முகவரியும் இழந்தவர் எந்தத் தவணையைச் செலுத்தியிருக்க முடியும்? காப்புறுதி என்பது நாளையைப் பற்றிய நம்பிக்கை. நாளை எங்கிருப்போம் என்று அறியாதவனிடம் அதனை விற்பது அரிது.

தனியார் கம்பனிகளின் மருத்துவக் காப்புறுதியை நாடுவோர், பத்திரத்தின் சிறிய எழுத்துக்களை யாரைக் கொண்டாயினும் படிப்பித்துக் கேட்டல் வேண்டும். முன்னரே உள்ள நோய்க்கு எத்தனை காலம் பணம் தரமாட்டார்கள்? மூழ்குந் தொழில் விலக்கப்பட்டுள்ளதா? இவ்விரண்டையும் கேளாமற் கையொப்பமிடுதல் தகாது.

மூழ்குவோரின் நிலை தனித்து நோக்கத்தக்கது. பழைய குளிகாரர் மூச்சையடக்கி, கல்லைப் பற்றி இறங்கினர். இக்காலத்தவர் காற்றுக் கலத்தைச் சுமந்து நெடுநேரம் ஆழத்தில் இருக்கின்றனர். அழுத்தத்தினால் நைதரசன் வாயு உடலிற் கரைகிறது. விரைந்து மேலேறினால் அது இரத்தத்திலும் இழையங்களிலும் குமிழியாகிறது. மூட்டு நோகும், சிலருக்குக் கால்கள் செயலிழக்கும். மீண்டும் கடலில் இறங்கினால் நோவு தீருமென்ற எண்ணம் தொழிலாளரிடையே உலகெங்கும் உண்டு. அது மிக ஆபத்தானது. உடனே படுக்கவைத்துத் தூய ஒட்சிசன் கொடுத்தல் வேண்டும். பின்னர் அழுத்த அறையிற் சிகிச்சை வேண்டும்; அத்தகைய அறை திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் உள்ளது. சிலாவத்துறை மேற்குக் கரை. திருகோணமலை கிழக்குக் கரை. இத்தொலைவை எந்தக் காப்புறுதிப் பத்திரமும் குறைக்கமாட்டாது. சங்கையும் அட்டையையும் வாங்கி ஏற்றுமதி செய்வோர், கரையில் ஓர் ஒட்சிசன் கலமேனும் வைத்திருக்கச் செலவிடலாமே! கடல்கட்டிக்கு அந்நிய அரசாங்கம் கொடுத்ததைவிட இது பெருஞ்செலவாகாது.

அவசர வேளையில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி இலவசமாக வரும். இந்திய உதவியுடன் 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை 2018 இல் வடக்கிற்கும் வந்தது. முசலி மக்களுக்கு அந்த எண் வேறொன்றையும் நினைவூட்டும். எனினும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் நன்று. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றம் போன்ற பெருஞ்செலவுக்கு, வருமானம் குறைந்தோர் ஜனாதிபதி நிதியத்திடம் உதவி கோரலாம். முன்னர் இதற்குக் கொழும்பு செல்ல வேண்டியிருந்தது. 2025 மாசி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கும் வசதி ஏற்பட்டது. வைத்தியரின் அறிக்கையையும் செலவு மதிப்பீட்டையும் சிகிச்சைக்கு முன்னரே பெற்றுக்கொண்டு, முசலிப் பிரதேச செயலகத்தில் விசாரித்தல் வேண்டும்.

சிறு செலவுகளுக்கு? ஊர்தோறும் மரண உதவிச் சங்கங்கள் உள்ளன. இறந்தவரை அடக்குவதற்குச் சேர்ந்து பணம் போடும் மக்கள், உயிரோடிருப்பவரைப் பேருந்தேற்றுவதற்குச் சேர்ந்து போடலாகாதா? யாழ்ப்பாணத்து மூளாயில் 1930களிலேயே ஊரார் கூட்டுறவு முறையில் வைத்தியசாலையே எழுப்பினர். கர்நாடகத்தில் 2003 இல் தொடங்கிய யசஸ்வினித் திட்டத்திற் கூட்டுறவுச் சங்க விவசாயிகள் தொடக்கத்தில் மாதம் 5 ரூபாய்க் கணக்கிற் செலுத்தி, சத்திரசிகிச்சைக்கான காப்பைப் பெற்றனர். அங்கும் அரசாங்கத்தின் கைகொடுப்பு இருந்தது. ஏழைகளின் பணம் மட்டும் ஏழைகளின் நோயைத் தாங்காது.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இவ்வாறான மருத்துவ நிதியைத் தொடங்குமாயின், தவணையை மாதந்தோறும் கேட்பது பொருந்தாது. கச்சான் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் வைகாசி, ஆனியிற் கையிற் காசிராது. கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை, மீன் நிறுக்கும் தராசடியிலேயே ஒவ்வொரு நாட் பிடியிலும் சிறு தொகையைக் கழித்துக்கொண்டால், கச்சான் மாதங்களில் மன்னார் சிகிச்சை நிலையத்துக்குப் போகும் நாளிற் பேருந்துக் காசும், வீட்டிலிருப்போருக்கு அன்றைய அரிசியும் அந்நிதியிலிருந்தே கொடுக்கலாம்.