பூனை ஏன் புல் தின்கிறது?

 

ஒரு வீட்டு முற்றத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு பூனை. காலையில் பால் குடித்தது. மீன் தலையும் தின்றது. இப்போது வேலி ஓரம் போகிறது. அங்கே முளைத்த புல்லைக் கடித்துத் தின்கிறது.

"பாவம், அதற்குப் பசி" என்கிறான் பேரன்.

"இல்லையடா, அதற்கு வயிற்று வலி" என்கிறாள் பாட்டி.

"வீட்டுக்குள் வந்து வாந்தி எடுக்கும். விரட்டு அதை!" என்று துடைப்பத்தை எடுக்கிறாள் அம்மா.

மூவரில் யார் சொல்வது சரி?

முதலில் பசியைப் பார்ப்போம். "புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது" என்பது பழமொழி. புலியும் பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மத்தியப் பிரதேசத்தில் கான்ஹா என்ற காடு இருக்கிறது. 1960-களில் ஜார்ஜ் ஷாலர் என்ற விஞ்ஞானி அங்கே புலிகளை ஆராய்ந்தார். புலியின் மலத்தைக் கிளறிப் பார்த்தார். அதில் மானின் முடி இருந்தது. சில சமயம் புல்லும் இருந்தது!

அப்படியானால் பழமொழி பொய்யா? பொய் இல்லை. புலி பசிக்காகப் புல் தின்பதில்லை. பூனையும் அப்படித்தான். மாட்டுக்குப் புல் செரிக்கும். பூனைக்குச் செரிக்காது. அது உணவு அல்ல.

சரி, வயிற்று வலியா? வாந்தி எடுக்கவா? அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். பூனை வளர்க்கும் 1,000-க்கும் அதிகமானவர்களிடம் கேட்டார்கள். 2019-இல் முடிவைச் சொன்னார்கள்.

100 பூனைகளில் 71 பூனைகள் ஆறு முறையாவது புல்லோ இலையோ தின்றன. புல் தின்னும் 100 பூனைகளில் 91, அதற்கு முன் நலமாகவே இருந்தன. 27 மட்டுமே தின்றபின் அடிக்கடி வாந்தி எடுத்தன.

ஆகவே பெரும்பாலும் அது நோயால் அல்ல. வாந்தி எடுப்பதற்காகவும் அல்ல.

பிறகு எதற்கு? விஞ்ஞானிகள் தரும் விளக்கம் இது. பூனையின் முன்னோர்கள் காட்டில் எலி, பறவைகளைப் பச்சையாகத் தின்றன. அதனால் குடலில் புழுக்கள் சேர்ந்தன. செரிக்காத புல் குடலுக்குள் போனால் குடல் வேகமாக அசையும். புல்லோடு புழுவும் வெளியேறும். ஆப்பிரிக்காவில் சிம்பன்சி குரங்குகளும் சொரசொரப்பான இலைகளை மெல்லாமல் விழுங்குகின்றன. அவற்றின் மலத்தில் இலையோடு புழுக்களும் வந்ததைப் பார்த்திருக்கிறார்கள். முன்னோர்களின் அந்தப் பழக்கம் வீட்டுப் பூனையிடம் இன்றும் இருக்கிறது. வயிற்றில் புழு இல்லாவிட்டாலும் அது புல் தின்னும்.

ஆகவே, பூனை புல் தின்றால் விரட்ட வேண்டாம். ஆனால் சில விஷயங்களில் கவனம் தேவை.

பூச்சி மருந்து தெளித்த புல்லைத் தின்ன விடாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

பூனை ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, உணவு உண்ணாமல் சுருண்டு படுத்தாலோ கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். புழுவை ஒழிக்கப் புல் மட்டும் போதாது. மருந்து வேண்டும்.

பூனையின் மலத்தில் புழு முட்டைகள் இருக்கலாம். மண்ணில் விளையாடும் குழந்தைகளின் கைக்கு அவை வரலாம். விளையாடி வந்ததும், சாப்பிடும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குடற்புழு நீக்க மாத்திரை தருகிறார்கள். 2015 முதல் அதற்கென்று தேசிய குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. அன்று தவறாமல் அனுப்புங்கள்.

சகோதரிகளே, சகோதரர்களே! பாட்டி சொன்னாள் என்று நம்ப வேண்டாம். பேரன் சொன்னான் என்றும் நம்ப வேண்டாம். உங்கள் வீட்டுப் பூனையைப் பாருங்கள். எத்தனை முறை புல் தின்றது? எத்தனை முறை வாந்தி எடுத்தது? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குத்தான் இப்போது எழுதத் தெரியுமே!