சில்லுக் கழன்ற கதை

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பாடசாலையின் முதலாவது றோபோ அணியினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நிகழ்ச்சிநிரலில் எங்களை "பாடசாலையின் முதலாவது றோபோ அணி" என்று போட்டிருக்கிறார்கள். முதலாவது என்பது உண்மை. ஆனால் நாங்கள் கிண்ணம் எதையும் கொண்டு வந்தவர்கள் அல்ல. 2018இல் கொழும்புக்குக் கொண்டுபோன எங்கள் றோபோ, இரண்டாவது சுற்றில் சரிவுப் பலகையின் அடியிலேயே நின்றுவிட்டது. மோட்டர் சுற்றியது, சில்லு சுற்றவில்லை. இன்று அந்தச் சில்லைப் பற்றித்தான் பேச வந்தோம். நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கைப் புதிய றோபோத் தொகுதிகள் வாங்க ஒதுக்கப் போவதாக அறிந்தோம். அந்தக் காசு எதற்குப் போகவேண்டும் என்பதில் எங்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்வதற்கு இந்தக் கதை வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர். மூவர் கணிதப் பிரிவு, இருவர் தொழில்நுட்பப் பிரிவு. போட்டியின் வேலை கேட்பதற்கு இலகுவானது. 30 சென்ரிமீற்றர் பெட்டிக்குள் அடங்கும் ஒரு றோபோ, மரக்கட்டைகளை எடுத்துக்கொண்டு 15 பாகைச் சரிவில் ஏறி, மேல்தட்டில் வைக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் கட்டையைப் பிடிக்கும் கையைப் பற்றியே யோசித்தோம். கை எப்படித் திறக்கும், எப்படி மூடும் என்று மூன்று கிழமை படம் கீறினோம். ஓடும் பகுதியை ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டோம். நான்கு மோட்டர், நான்கு இறப்பர்ச் சில்லு, ஒரு தட்டு. அது தானாக ஓடும் என்று நினைத்தோம்.

நேராக ஓடியது. திரும்பச் சொன்னால் நடுங்கியது, துள்ளியது, சிலவேளை திரும்பவே மாட்டேன் என்று நின்றது. நிரலில்தான் பிழை என்று இரண்டு நாள் தேடினோம். நிரல் சரியாகவே இருந்தது. அந்த றோபோவுக்குக் காரில் இருப்பதுபோல முன்சில்லைத் திருப்பும் வசதி இல்லை. ஒரு பக்கச் சில்லு முன்னுக்கும் மற்றப் பக்கச் சில்லு பின்னுக்கும் சுற்றித்தான் திரும்ப வேண்டும். அப்போது நான்கு சில்லும் நிலத்தில் பக்கவாட்டாக அரைபடும். முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடைத்தூரம் கூடக்கூட அந்த அரைபாடும் கூடும். எங்கள் றோபோ அகலத்தைவிட நீளம் கூடியது. பார்க்க வடிவாக இருக்கிறது என்று அப்படிச் செய்திருந்தோம். பிறகு நீளத்தைக் குறைத்து அகலத்தைக் கூட்டினோம். முன்னிரண்டு சில்லுக்குப் பதிலாக, விளிம்பைச் சுற்றிச் சிறு உருளைகள் பொருத்திய ஓம்னி சில்லுகளைப் போட்டோம். அவை முன்னுக்கும் உருளும், பக்கத்துக்கும் வழுக்கும். மோட்டர் இரண்டு போதும் என்றாகியது. நடுக்கமும் நின்றது.

அடுத்தது மோட்டர். கொழும்பு புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போன ஒருத்தியின் அண்ணாவிடம் "வேகமானதாக வாங்கிக்கொண்டு வாருங்கோ" என்று சொல்லிவிட்டோம். அவரும் நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றும் மோட்டரை வாங்கி வந்தார். மண்டபத் தரையில் அது பறந்தது. சரிவில் பாதியில் நின்று சூடேறியது. அதன் பிறகுதான் கணக்குப் போட்டோம். றோபோவின் திணிவு 4 கிலோ. 15 பாகைச் சரிவில் நிறையின் கால்வாசி அளவு பின்னால் இழுக்கும். ஏறத்தாழ 10 நியூற்றன், ஒரு மோட்டருக்கு 5. சில்லின் ஆரை 4 சென்ரிமீற்றர். ஆகவே ஒவ்வொரு மோட்டரும் அச்சைத் திருப்பும் முறுக்கம் 2 கிலோ-சென்ரிமீற்றராவது இருந்தால்தான் சரிவில் வழுகாமல் நிற்கவே முடியும். ஏறுவதற்கு அதன் இருமடங்கு வேண்டும். எங்களிடம் இருந்ததோ அதில் பாதிகூட இல்லை. அதே மோட்டர் 100 சுற்றுப் பற்சில்லுப் பெட்டியுடனும் கிடைக்கிறது. வேகம் மூன்றில் ஒன்றாகக் குறையும், பலம் அதற்கேற்பக் கூடும். செக்கனுக்கு 42 சென்ரிமீற்றர் வேகம், அந்த அரங்குக்குத் தாராளம். சாதாரண தரத்து விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ள கணக்குத்தான். காசு செலவழித்த பிறகுதான் அது எங்களுக்கு ஞாபகம் வந்தது.

இனிச் சில்லு. மோட்டரின் அச்சு 6 மில்லிமீற்றர். அதன் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். சில்லின் ஹப்பை அதில் செருகி, தலையில்லாத ஒரு சிறு திருகாணியால் இறுக்க வேண்டும். அந்தத் திருகாணி தட்டைப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். எங்களுடையது உருண்டைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கையால் இழுத்துப் பார்த்தால் இறுக்கமாகத்தான் இருந்தது. இரவு பஸ்ஸில் கொழும்புவரை ஆட்டம், காலையில் பயிற்சி ஓட்டம், முதல் சுற்று, அவ்வளவும் தாங்கியது. இரண்டாவது சுற்றில் சரிவின் முழுச் சுமையும் வந்தபோது அச்சு உள்ளே வழுக்கியது. சில்லு நின்றது. எங்களிடம் அந்தத் திருகாணிக்குரிய அலன் கீ இருக்கவில்லை. பக்கத்து அணியிடம் கேட்டு வாங்கி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. எங்களில் ஒருத்தி அழுதாள். யார் என்று சொல்லமாட்டோம், அவள் இந்த மேடையில்தான் நிற்கிறாள்.

திரும்பி வந்ததும், பாடசாலைச் சந்தியில் இருந்த சைக்கிள் கடை ஐயாவிடம் ஒரு அலன் கீ கேட்டுப் போனோம். அவர் சில்லை வாங்கி ஒருதரம் ஆட்டிப் பார்த்தார். "பிள்ளையள், இது கொட்டர் பின் பிரச்சினையெல்லோ" என்றார்.

பெற்றோல் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளில் இந்தப் பாடசாலைக்கு வந்த அக்காமாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. தங்கைமாருக்காகச் சொல்கிறோம். மிதிகட்டையின் தண்டை அச்சோடு பிணைப்பது கொட்டர் பின். அதன் ஒரு பக்கம் சாய்வாகச் சீவியிருக்கும், அச்சிலும் அதற்கேற்ற தட்டை வெட்டு இருக்கும். இரண்டும் முகத்துக்கு முகம் பொருந்தினால் எவ்வளவு மிதித்தாலும் அசையாது. கொஞ்சம் தளர்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் 'கடக்' என்று கேட்கும். எங்கள் அம்மாமாருக்குத் தெரிந்திருந்த விசயம், உயர்தரம் படித்த எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஐயா இன்னொன்றையும் காட்டினார். சில்லு மோட்டர் முகத்திலிருந்து மூன்று விரல் தள்ளி, ஒற்றைக் கையில் வாளி தூக்குவதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. சுமை முழுவதும் பற்சில்லுப் பெட்டியின் சின்னத் துவாரத்தில் விழுந்து அச்சு ஆடத் தொடங்கியிருந்தது. சைக்கிள் சில்லை இரண்டு பக்கமும் கவை பிடிக்கிறது அல்லவா? அதுபோல வெளிப்பக்கத்திலும் ஒரு தகடு வைத்து, அதில் ஒரு பெயாரிங்கைப் பொருத்தி, அச்சின் மறுமுனையைத் தாங்கவேண்டும் என்றார்.

இங்கேதான் ஒரு மனக்குறையைச் சொல்ல வேண்டும். முதல் றோபோவின் ஒரு துளையைக்கூட நாங்கள் போடவில்லை. ட்ரில் மெஷின் பூட்டிய அலுமாரியில் இருந்தது. "கையைக் கிழிச்சுக்கொள்ளுவியள்" என்று வேறொருவரிடம் கொடுத்துத் துளைபோட்டுத் தந்தார்கள். ஒரு மோட்டரின் துளை 2 மில்லிமீற்றர் விலகிப்போக, றோபோ எப்போதும் வலப்பக்கம் இழுத்தது. எங்கள்மேல் இருந்த அன்பினால்தான் அப்படிச் செய்தார்கள், தெரியும். ஆனால் அதே ட்ரில்லை அடுத்த ஆண்கள் பாடசாலையில் எங்கள் வயதுப் பெடியன்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சைக்கிள் கடையில் ஐயா எங்களிடமே ட்ரில்லைத் தந்தார். தலைமயிரை இறுக்கிக் கட்டச் சொன்னார், வளையலைக் கழற்றச் சொன்னார். உள்தகட்டையும் வெளித்தகட்டையும் தனித்தனியாகத் துளைத்தால் அச்சு கோணலாகி இறுகும். இரண்டையும் ஒன்றாக வைஸில் கவ்வி ஒரே தடவையில் துளைத்தோம். அச்சைச் செருகி விரலால் சுண்டினோம். சத்தமில்லாமல் சுற்றியது. திருகாணி அதிர்வில் கழராதிருக்க அதன் புரியில் ஒரு சொட்டுக் கியூட்டெக்ஸ் விட்டோம். பாடசாலைக்குள் கியூட்டெக்ஸுக்குத் தடை இருந்தது. அன்றைய ஒழுக்காற்று ஆசிரியை இங்கே இருக்கிறார், மன்னிக்கவேண்டும்.

அடுத்த வருடத்து அணி அந்த றோபோவைக் கொண்டுபோனது. சரிவில் ஏறியது. பரிசு கிடைக்கவில்லை, ஆனால் சில்லுக் கழரவில்லை.

எங்களில் ஒருத்தி இப்போது கனடாவில் இருக்கிறாள். 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஃபேர்ஸ்ட்' றோபோப் போட்டிக்கு, ஒன்ராறியோவில் உள்ள ஒரு பாடசாலை அணியைப் பழக்குகிறாள். அங்கே றோபோ 50 கிலோவுக்கும் கூட. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சில்லு வைத்து, நடுச்சில்லை மட்டும் 3 மில்லிமீற்றர் அளவு பதித்துப் பூட்டுவார்களாம். எந்த நேரமும் நான்கு சில்லே நிலத்தில் அழுந்துவதால், நீளமான றோபோவும் குட்டை றோபோபோலத் திரும்பும். எங்களுக்கு நடுக்கம் கொடுத்த அதே பிரச்சினைக்கு இன்னொரு தீர்வு. அவள் சொன்னதில் எங்களுக்குப் பொறாமையாக இருந்தது அதுவல்ல. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பட்டறை இருக்கிறது. ஒவ்வொரு பின்னேரமும் திறந்திருக்கிறது.

சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். பெட்டியில் வரும் றோபோத் தொகுதிகளின் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மிச்சக் காசில் ஒரு உறுதியான வேலை மேசை, இரண்டு வைஸ், நின்று துளைக்கும் ட்ரில் ஒன்று, வேர்னியர் இடுக்கிமானி, கண்ணுக்குப் போடும் கண்ணாடிகள், அலன் கீ முழுத் தொகுதி ஆகியவற்றை வாங்குங்கள். கிழமைக்கு இரண்டு பின்னேரம் வந்து நிற்க, பட்டறை வேலை தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். ரொறன்ரோ, லண்டன், சிட்னிக் கிளைகளில் இருக்கும் பொறியியலாளர் அக்காமார் திரையில் வந்து கணக்குப் படிப்பிக்கலாம். ட்ரில் பிடிக்க ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும். அலுமாரித் திறப்பை மாணவத் தலைவி ஒருத்தியிடமும் கொடுங்கள்.

கழன்ற அந்தச் சில்லை மண்டபத்தின் பின்மேசையில் வைத்திருக்கிறோம். பக்கத்தில் ஒரு பழைய கொட்டர் பின்னும் இருக்கிறது, ஐயாவின் மகன் தந்துவிட்டது. தேநீர் இடைவேளையில் வந்து கையில் எடுத்துப் பாருங்கள். அலன் கீயை நூலில் கட்டி வைத்திருக்கிறோம், தயவுசெய்து கொண்டுபோய்விட வேண்டாம்.