அணுவின் வாயிலும் அதைக் காட்டும் எதிர்ப்பொருளும்



“ஆன்டிபாடி, ரிசப்டர் என்னாமல் உயிரியல் பேச முடியுமா?” என்பார்க்குப் பேசியே காட்டுவோம்.

அழற்சியுற்ற இடத்தில் சுரந்து வெள்ளணுக்களைத் தன்பால் இழுப்பது கீமோகைன். நாம் ஈர்ப்பி என்போம். அதனைப் பற்ற, அணுவின் மேற்புறத்தே நிற்பது ஏற்பி. ஏற்பிகளுள் ஒன்றாகிய சி.சி.ஆர்.5, எச்.ஐ.வி. நச்சுயிரிக்கும் வாயிலாவதை 1996-இல் கண்டனர்.

ஓர் அணுவில் அவ்வாயில் உண்டா என எங்ஙனம் அறிவது? அதற்கே எதிர்ப்பொருள். 1975-இல் கேம்பிரிட்சில் கோலரும் மில்சுட்டைனும், எதிர்ப்பொருள் ஈனும் எலியணுவைப் புற்றணுவோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாது ஈனச் செய்தனர். அம்முறையில் பிறந்த 2டி7, சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் சி.சி.ஆர்.5 ஏற்பியின் இரண்டாம் வெளிவளைவைப் பற்றும். ஒளிர்சாயம் ஏற்றிவிட்டால் ஏற்பியுள்ள அணு ஒளிரும். அணுவைத் துளைத்துவிட்டால் உள்ளே கிடக்கும் ஏற்பிகளும் ஒளிர்ந்து கணக்கைக் கெடுக்கும்; துளைத்தலாகாது.

32 எழுத்துக் குறைந்த மரபனைத் தாய்வழியும் தந்தைவழியும் பெற்றோரின் அணுக்களோ ஒளிரா. ஏற்பி அங்கே மேற்புறத்தை எட்டுவதேயில்லை. அவர்களை அந்நச்சுயிரி பெரும்பாலும் தொற்றுவதில்லை.

இவ்வளவில் எச்சொல் உங்களை இடறிற்று? ஏற்பியும் எதிர்ப்பொருளும் நம் பாடநூல்களில் அச்சேறியவையே. இங்குள்ள ஆசிரியப் பெருமக்கள் அவற்றை வகுப்பிலும் வாய்திறந்து சொல்லல் வேண்டும்.