வேரைப் பிடித்தால் மரம் நம் கையில்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"டீச்சர், இங்கிலீஷு வார்த்தை மனசுல நிக்கவே மாட்டேங்குது" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். "எங்களுக்கே தெரியாததை நாங்க எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். இரண்டும் நியாயந்தான். அதற்கு ஒரு வழி சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் என் கதை. நான் முதலாம் படிவம் படித்தபோது, தோட்டத்தில் வேலை செய்த என் அப்பா ஓர் ஆங்கிலக் கடிதத்தைக் கொண்டுவந்தார். "நீதான் படிச்ச புள்ள, பாத்துச் சொல்லும்மா" என்றார். அதில் 'டெர்மினேட்' என்று ஒரு சொல். எனக்குத் தெரிந்ததோ பஸ் 'டெர்மினல்'. "ஏதோ பஸ் நிக்கிற இடத்தைப் பத்திப்பா" என்றேன். அப்பா அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். அது வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பதில் எழுதக் கொடுத்த தவணையும் போய்விட்டது. அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றும் வலிக்கிறது.

பிற்பாடு ஆசிரியர் பயிற்சியின்போது அறிந்தேன்: லத்தீன் மொழியில் 'டெர்மினஸ்' என்றால் எல்லை. பயணத்தின் எல்லை டெர்மினல். பள்ளித் தவணை டெர்ம். வேலைக்கு எல்லை கட்டினால் டெர்மினேட். அந்த ஒரு வேர் அன்று தெரிந்திருந்தால்!

லத்தீன் என்பது பண்டைய ரோமாபுரியின் மொழி. கிறிஸ்துவ சமயத்தோடும் கல்வியோடும் அது இங்கிலாந்துக்குள் சென்றது. 1066-இல் நார்மானியர் அந்நாட்டை வென்றபின், லத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சு மொழி வழியாகவும் ஏராளமான சொற்கள் புகுந்தன. இன்று ஆங்கிலச் சொற்களில் பாதிக்கு மேல் இந்த வழியில் வந்தவையே.

வேரைப் பிடித்துப் படிப்பது நமக்குப் புதிதா? இல்லை. 'நட' என்ற பகுதியிலிருந்து நடை, நடப்பு, நடத்தை, நடத்துநர் பிறக்கவில்லையா? பகுபத உறுப்புகள் ஆறு என்று நன்னூல் வகுத்துத் தரவில்லையா? மலாயில் 'அஜார்' என்ற ஒன்றிலிருந்தே பெலாஜார், பெலாஜாரான், மெங்ஙாஜார் என்று படிக்கிறோமே! அதே கணக்குதான்.

நம் தெலுக் பங்லிமா காராங் வழியாகக் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன் லாரிகள் போவதைப் பார்க்கிறோம். லத்தீனில் 'போர்ட்' என்ற வேருக்குச் சுமத்தல் என்று பொருள். 'எக்ஸ்' என்றால் வெளியே, எக்ஸ்போர்ட், ஏற்றுமதி. 'இம்' என்றால் உள்ளே, இம்போர்ட், இறக்குமதி. 'டிரான்ஸ்' என்றால் கடந்து, டிரான்ஸ்போர்ட், போக்குவரத்து. சுமப்பவர் போர்ட்டர். செம்பனைக் குலை இழுக்கும் டிராக்டரைப் பாருங்கள். 'டிராக்ட்' என்றால் இழு. தன்பால் இழுப்பது அட்ராக்ட். வெளியே இழுத்தெடுப்பது எக்ஸ்டிராக்ட். கணக்கில் கழிப்பது சப்டிராக்ட். நம் பாட்டிமார் விடியற்காலையில் மரம் வெட்டிச் சேர்த்த பாலுக்கு லேடெக்ஸ் என்று பெயர். அதுவும் லத்தீன்தான், திரவம் என்று பொருள். டாக்டர் என்ற சொல்லுக்கு முதற்பொருள் என்ன தெரியுமா? போதிப்பவர்!

இன்னொரு வியப்பு. 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியரின் மொழியும் லத்தீன் வயிற்றுப் பிள்ளைதான். மேசை, சாவி, சன்னல் எல்லாம் அவர்கள் மூலம் தமிழுக்கு வந்தவை. மலாயின் 'செக்கோலா'வும் அப்படியே. தோட்டத்தில் வேலை ஏவும் மண்டோர்கூட அவர்கள் சொல்தான். ஆங்கிலக் 'கமாண்ட்' அதற்கு உறவு. ஆக, பெற்றோர்களே, லத்தீன் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது!

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒலி ஒத்திருப்பதெல்லாம் ஒரே வேர் ஆகாது. உருவப்படத்தைக் குறிக்கும் போர்ட்ரெய்ட்டில் 'போர்ட்' கேட்கிறது. ஆனால் அதற்குச் சுமத்தலோடு சம்பந்தமில்லை. வேர் வழிகாட்டும். அகராதிதான் முடிவு சொல்லும்.

மாணவர்களே, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வாரம் ஒரு வேர், அதற்கு ஐந்து சொற்கள். ஆண்டுக்கு 40 வாரம் என்றால் 200 சொற்கள். பெற்றோர்களே, ஆங்கிலம் தெரியாதே என்று ஒதுங்காதீர்கள். சாப்பிடும்போது, "இந்த வாரம் என்ன வேரு, சொல்லு பாப்போம்" என்று கேளுங்கள். உங்களுக்கு விளக்கிச் சொல்லும்போது அவர்கள் மனத்தில் அது பதியும்.

இறுதியாக ஒரு வேர். 'ஸ்பெக்ட்' என்றால் பார். உள்ளே புகுந்து பார்ப்பது இன்ஸ்பெக்ட். 'ரீ' என்றால் திரும்ப. ரெஸ்பெக்ட் என்றால் திரும்பிப் பார்ப்பது. மரியாதை என்பதற்கு அதுதான் வேர்ப்பொருள். பிள்ளைகளே, நீங்கள் எவ்வளவு உயர்ந்தாலும், உங்களைச் சுமந்த இந்தக் கைகளைத் திரும்பிப் பாருங்கள். அவர்கள் கையில் ஒரு கடிதம் வந்தால், அதைச் சரியாகப் படித்துச் சொல்லும் பிள்ளையாக இருங்கள்.